ஏழு பதினாலு

இன்னும் ஐம்பது நிமிடம் இருக்கிறது. ஏழரைக்கு ஜெபமணி சார் கூப்பிடுவார், கூப்பிடாமல் இருக்கமாட்டார், பதினோரு வருடப் பழக்கத்தில் அவருடைய ஏழரை ஒரு நாளும் ஏழு முப்பத்தொன்று ஆனதில்லை, ரயில்வே சிக்னலில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்துவிட்டு வந்த மனிதர் வேறு எப்படி இருப்பார். அதற்குள் நான் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். முடிவு என்ன முடிவு, பார்த்ததைச் சொல்ல வேண்டியதுதானே, அங்கே ஒன்றும் இல்லை சார் என்று நாலு வார்த்தை, அந்த நாலு வார்த்தையை நாலு நாளாக வாய்க்குள் அதக்கிக்கொண்டு திரிகிறேன். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும்போதும் அதுதான், பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வரும்போதும் அதுதான். மூன்று நடையாக மாடிக்குத் தூக்கி வந்தேன், முதலில் முக்காலி, பிறகு டெலஸ்கோப்புக் குழாய், பிறகு லேப்டாப்பும் ஒயர்களும், போன வருடம் வரை இரண்டு நடையில் முடிந்த வேலை, முழங்கால் இரண்டும் இப்போது என்னைத் திட்டிக்கொண்டிருக்கின்றன. ஈரோட்டில் மார்ச் மாதத்து மொட்டைமாடி, வெயில் போன பிறகும் சிமெண்ட் செருப்பைத் தாண்டிச் சுடுகிறது, இந்தச் சூடு அடங்கும்வரை படம் சரியாக வராது, தரையிலிருந்து கிளம்புகிற அனல் எல்லாவற்றையும் கலக்கிவிடும். வியாழன் ஏற்கெனவே உச்சியில் வந்து நிற்கிறது. இன்னும் இருட்டக்கூட இல்லை, வெளிறிய நீலத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு, அதன் பாட்டுக்கு நிற்கிறது. இன்றைக்கு மேகமாவது வந்திருக்கலாம், மேகம் வந்தால் அவர் கூப்பிடமாட்டார், இல்லை, கூப்பிட்டு மேகத்தைப் பற்றிப் பேசுவார், பேசிவிட்டுக் கடைசியில் கேட்பார்.

போட்டோ எடுக்கிறீர்களாமே என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்பார்கள், ஆமாம் என்று சொல்லிவிடுவேன், விளக்கத் தெம்பில்லை. வியாழனைப் படம் பிடிக்கிற எங்கள் குழு எடுப்பது வீடியோ. மூன்று நிமிடம், அதற்கு மேல் ஓடவிட்டால் வியாழன் தன்னைத்தானே சுற்றுகிற வேகத்தில் படம் இழுபட்டுப்போகும், அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு பத்து மணி நேரத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிடுகிறது, நான் இருபத்திரண்டு படி ஏறவே நின்று நின்று ஏறுகிறேன். அந்த மூன்று நிமிடத்தில் ஒன்பதாயிரம் படம் விழும், காற்று அசையாமல் நின்ற நேரத்தில் விழுந்த இரண்டாயிரத்தைப் பொறுக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் மேகப் பட்டைகளும் சிவப்புப் புள்ளியும் தெரிகிற ஒரு படம் தேறும். மிச்சம் ஏழாயிரம் குப்பை. நாங்கள் எல்லோரும் குப்பையைக் குப்பையாக விட்டுவிடுவோம், ஜெபமணி சார் மட்டும் விடமாட்டார், மறுநாள் காலையில் தெற்கே நாசரேத்தில் தன் வீட்டு முன்னறையில் காபியோடு உட்கார்ந்து முழு வீடியோவையும் பார்ப்பார், ஒவ்வொரு நாளும், இருபது வருடமாக. எப்போதாவது ஒரு பாறை வந்து வியாழனில் விழும், விழுந்தால் ஒரு விநாடி வெளிச்சம் தெரியும், உலகத்தில் யாராவது ஒருவர் எங்காவது பார்ப்பார், அந்த ஒருவர் தானாக இருக்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. வேறு ஆசை எதையும் அவர் சொல்லி நான் கேட்டதில்லை. நாலு நாளைக்கு முன்னால் காலை ஆறேகாலுக்குப் போன் வந்தது, ஏழரை மனிதர் ஆறேகாலுக்குக் கூப்பிட்டால் சாவுச் செய்தியாகத்தான் இருக்கும் என்று பயந்துபோய் எடுத்தேன். "தம்பி, விழுந்துட்டுய்யா" என்றார். "நேத்து சாயங்காலம் ஏழு பதினாலு, நாப்பது விநாடி. தெக்கு ஓரத்துல. மினுக்குன்னு வந்து அணைஞ்சுது. நீங்களும் அந்த நேரம் ஓட்டிட்டுதான இருந்திய, உங்க படத்துல ஏழு பன்னிரண்டுலேந்து பதினஞ்சுன்னு போட்டிருக்கு. கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க." அவருக்கு எழுபத்திரண்டு வயது.

பார்த்தேன். அன்றைக்கே, கடைக்குப் போவதற்கு முன்னால், பல் விளக்காமல் பார்த்தேன். ஏழு பதினாலு நாற்பதில் வியாழன் தண்ணீருக்கடியில் கிடக்கிற கூழாங்கல் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது, தெற்கு ஓரம் சுத்தமாக இருந்தது, முப்பத்தொன்பதிலும் சுத்தம், நாற்பத்தொன்றிலும் சுத்தம். வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு படமாகத் தட்டித் தட்டிப் பார்த்தேன். ஆறு தடவை பார்த்தேன், ஆறாவது தடவை பார்க்கும்போது ஏதாவது ஒன்று இருக்காதா என்று எனக்கே ஆசை வந்துவிட்டது. எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு, ஒருவர் கண்டது கண்டதாகாது, இன்னொருவர் வேறு ஊரிலிருந்து அதே நேரத்தில் அதையே கண்டிருக்க வேண்டும். உண்மையிலேயே வியாழனில் விழுந்ததென்றால் நாசரேத்துக்கும் தெரியும், ஈரோட்டுக்கும் தெரியும். நாசரேத்துக்கு மட்டும் தெரிந்ததென்றால் அது குறுக்கே போன ஒரு செயற்கைக்கோள், வெயில் பட்டு ஒரு கணம் மின்னியிருக்கும், அவருடைய பார்வைக்கு நேராக, அவருக்கு மட்டும். அன்றைக்குச் சென்னையில் மேகம், பெங்களூர்க்காரர் ஊரில் இல்லை, எங்கள் குழுவில் பதினாலு பேர், அதில் அந்த மூன்று நிமிடம் கண் திறந்திருந்தது நான் ஒருவன்தான். வேறு யாராவது ஒருவன் இருந்திருக்கக் கூடாதா. இன்னும் பார்க்கலைங் சார், கடையில வேலைங் என்றேன் முதல் நாள். லேப்டாப் மக்கர் பண்ணுதுங் சார் என்றேன் அடுத்த இரண்டு நாளும். நேற்று போனை எடுக்கவே இல்லை, குளித்துக்கொண்டிருப்பதாகக் குணவதியை எடுத்துச் சொல்லச் சொன்னேன், எனக்கு ஐம்பத்தேழு வயது, கட்டின மனைவியைப் பொய் சொல்ல வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றேன், வெட்கக்கேடு.

முக்காலியின் ஒரு கால் எப்போதும் கொஞ்சம் இறங்கும், அதற்கு ஒரு ஓட்டுச்சில்லு வைக்க வேண்டும், வைத்தாகிவிட்டது, கேமராவை மாட்டியாகிவிட்டது, திரையில் வியாழன் வந்துவிட்டது, இழுத்து நடுவில் நிறுத்தினால் கொதிக்கிறது, ஓரமெல்லாம் நெளிகிறது. காத்திருக்க வேண்டும். காத்திருந்தால் யோசனை வரும். கடையில் கண் பரிசோதிக்கிற பெண் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பாள், இது தெளிவா, முன்னால் வைத்தது தெளிவா, ஜனங்கள் பாதிப் பேர் பொய்தான் சொல்வார்கள், அந்தப் பெண் சலித்துக்கொள்வாளோ என்று பயந்து ஏதோ ஒன்றைத் தெளிவு என்று சொல்லிவிட்டு, பத்து நாள் கழித்துத் தலைவலி என்று வருவார்கள், நான் மறுபடியும் லென்ஸ் தேய்க்க வேண்டும். அவர்களைத் திட்டியிருக்கிறேன். தெரிந்ததைச் சொல்றதுக்கு என்னம்மா கூச்சம் என்று. எனக்கு என்ன கூச்சம். அவர் அடுத்த மாதம் ஊரைக் காலி செய்கிறார், அதுதான். மகள் ஷீபா பெங்களூரில் ஒன்பதாவது மாடியில் இருக்கிறாள், தனியாக இருந்தது போதும் வாங்க என்று கூட்டிக்கொண்டு போகிறாள், நல்ல பெண்தான், தகப்பனுக்குத் தனி அறை, பால்கனி எல்லாம் பார்த்து வைத்திருக்கிறாள். பால்கனி வடக்குப் பார்த்தது. "வடக்க பாத்தா என்னத்தத் தெரியும் தம்பி, எதுத்த கட்டடத்துல துணி காயுறதுதான் தெரியும்" என்று சொல்லிச் சிரித்தார், கோள் எதுவும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது. டெலஸ்கோப்பைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டுப் போகிறார். இருபது வருடம் காத்திருந்துவிட்டு, போவதற்கு ஒரு மாதம் இருக்கும்போது அவருக்கு ஒரு மினுக்கல் கிடைக்கிறது, அதை நான் பிடுங்க வேண்டும். அப்பாவுக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தபோது வெறும் புண்ணுதானுங்கப்பா என்று நான்தான் சொன்னேன், அண்ணன்கள் இரண்டு பேரும் வெளியே நின்றுகொண்டார்கள், உன் முகம்தான் நம்புற மாதிரி இருக்குது, நீ போய்ச் சொல்லு என்று என்னைத் தள்ளிவிட்டார்கள். அப்பா கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். நம்பினாரா என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது, கேட்கவும் ஆளில்லை.

குணவதி துணி எடுக்க வந்தாள். கொடியிலிருந்து ஒவ்வொன்றாக உருவித் தோளில் போட்டுக்கொண்டே, "ஏனுங்க, காப்பி வச்சு அரை மணி நேரமாச்சு, ஆறிப்போயிருச்சு" என்றாள். இருக்கட்டும் என்றேன். "இன்னைக்கும் அவரு கூப்புட்டா நான் எடுக்கமாட்டேன் ஆமா. அவரு என்னைய அம்மா அம்மாங்கறாரு, எனக்கு ஒரு மாதிரியா இருக்குது." நான் சொல்லிக்கறேன் போ என்றேன். போகவில்லை. துணிகளை மார்போடு அணைத்துக்கொண்டு திரையைப் பார்த்தாள், வருடக்கணக்காகப் பார்க்கிறாள், இன்னும் அவளுக்கு இது ஒரு கலங்கிய பொட்டுத்தான். "பாத்தேன்னு சொல்லிப்போட்டா என்னங்க கொறஞ்சு போகுது? அந்தக் கெரகத்துல வெளிச்சம் வந்தா என்ன, வராட்டி என்ன. வயசான மனுசன் சந்தோசமா ஊருக்குப் போவாரு." அப்படிச் சொல்ல முடியாதடி என்றேன், வீடியோவைக் கேட்பாங்க, வெளிநாட்டில் இதைச் சரிபார்த்துப் பதிவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள், அவர் ஏற்கெனவே எழுதிப்போட்டுவிட்டார், இன்னொருவருடைய வீடியோ வந்தால்தான் சேர்த்துக்கொள்வோம் என்று சொல்லியிருக்கிறார்கள். "அப்ப இல்லைன்னு சொல்லுங்க." அது முடியலையே. "அதுவும் முடியாது, இதுவும் முடியாதுன்னா எதுக்குங்க இந்தக் கருமத்தத் தூக்கிட்டு மாடி ஏறுறீங்க" என்றாள், கோபமாக இல்லை, நிஜமாகவே கேட்டாள், கேட்டுவிட்டுப் படியில் இறங்கிப் போய்விட்டாள்.

ஏழு பத்து. காற்று கொஞ்சம் நின்றிருக்கிறது, பட்டை இரண்டும் தனித்தனியாகத் தெரிகின்றன, பொத்தானை அமுக்கினேன், ஓடட்டும், மூன்று நிமிடம் ஆடக்கூடாது, நடக்கக்கூடாது, நடந்தால் மாடித் தரை அதிர்ந்து படத்தில் விழும். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கையை மடியில் வைத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அவர்மேல் கோபம்தான் வருகிறது. எதற்கு என்னிடம் கேட்டார், கேட்காமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்திருக்கலாமே, தனக்குள் வைத்துக்கொண்டு பெங்களூருக்குப் போயிருக்கலாமே. அப்படி வைத்துக்கொள்கிறவராக இருந்தால் எனக்கு அவர்மேல் இவ்வளவு மரியாதை இருந்திருக்காது, அதுவும் தெரிகிறது. வளையச் சூரியகிரகணத்தன்று எங்கள் வீட்டுக்கு வந்தார், நாசரேத்தில் வளையம் தெரியாது என்று ராத்திரி ரயில் பிடித்து வந்து, இதே மாடியில், இதே நாற்காலியில் உட்கார்ந்தார், வளையம் பூர்த்தியானபோது எல்லோரும் கத்தினோம், அவர் மட்டும் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துவிட்டுத்தான் தலையைத் தூக்கினார். ஒன்றரை நிமிடம்கூட இல்லாத வளையத்தில் நாலு விநாடியைக் கடிகாரத்துக்குக் கொடுத்த மனிதர். அவரிடம் எனக்குப் பயம், அதுதான் விஷயம், அவர் வருத்தப்படுவார் என்கிற பயம் பாதிதான், அவர் வருத்தப்படுவதை நான் கேட்டுக்கொண்டிருக்க வேண்டுமே என்கிற பயம்தான் மீதி. சரி தம்பி என்பார். அதை என்னால் கேட்க முடியாது, களைப்பாக இருக்கிறது, எனக்கு இன்னொருவருடைய நம்பிக்கையைத் தூக்கிச் சுமக்கிற வயதில்லை. ஆமாம் என்றும் சொல்லக்கூடாது, இல்லை என்றும் சொல்லக்கூடாது. வீடியோ இருக்க வேண்டும், ஆனால் அந்த நேரத்தின் வீடியோவாக இருக்கக்கூடாது. கடிகாரம் தப்பாக இருந்திருந்தால்? லேப்டாப் கடிகாரம் பின்தங்குவது நடக்கிறதுதான், இன்டர்நெட்டில் மாட்டாமல் விட்டால் தன்பாட்டுக்கு நகர்ந்துவிடும், எங்களில் பாதிப் பேருக்கு நடந்திருக்கிறது. பன்னிரண்டு நிமிடம் பின்தங்கியிருந்தது சார், நான் ஏழு பதினாலு என்று போட்டது உண்மையில் ஏழு இருபத்தாறு, அப்போது எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. அவருடைய மினுக்கலுக்கு ஒன்றும் ஆகாது. சாட்சி கிடைக்காமல் போயிற்று, அவ்வளவுதான், துரதிர்ஷ்டம், யாருடைய குற்றமும் இல்லை, அது அவரோடு பெங்களூருக்குப் போகட்டும். மூன்று நிமிடம் முடிந்து வீடியோ தானாக நின்றுவிட்டதைக்கூட நான் கவனிக்கவில்லை.

ஏழரைக்குப் போன் அடித்தது. "தம்பி, நல்லா இருக்கியளா. அங்கன காத்து எப்படி?" பரவாயில்லைங் சார் என்றேன். இங்கே ஒரே ஆட்டமா ஆடுது என்றார், சாமான் கட்ட ஆரம்பித்துவிட்டதாகச் சொன்னார், ஷீபா அட்டைப்பெட்டி அனுப்பியிருக்கிறாளாம், புத்தகத்தை எல்லாம் யாருக்குக் கொடுப்பது என்று தெரியவில்லையாம். கேட்கவில்லை. கேட்பார் கேட்பார் என்று காத்திருக்கிறேன், கேட்கவே இல்லை, நானே ஆரம்பித்துவிட்டேன். "சார், அந்த வீடியோ பாத்தனுங். என்னோட லேப்டாப் கடிகாரம் மோசம் பண்ணிப்போடுச்சுங் சார். பன்னண்டு நிமிசம் பின்னாடி ஓடியிருக்குது. நான் அந்த நேரத்துல எடுக்கவே இல்லீங். நீங்க பாத்ததுக்கு அப்புறந்தான் நான் எடுத்திருக்கறேன்." கோவையாக வந்தது, நானே நம்பியிருப்பேன். பின்னால் எங்கேயோ ஒரு மின்விசிறி கிரீச்சென்று சுற்றுகிற சத்தம் கேட்டது. "தம்பி, அன்னைக்கு அயோவோட நிழல் வியாழன்மேல போய்க்கிட்டு இருந்துதுல்லா" என்றார். "உங்க படத்தையும் என் படத்தையும் முந்தாநாளே ஒன்னுமேல ஒன்னு வச்சுப் பாத்தேன். ரெண்டுலயும் நிழல் ஒரே இடத்துலதான் நிக்கு. மயிரிழை வித்தியாசம் இல்ல. பன்னிரண்டு நிமிசம்னா அது நல்லாத் தள்ளிப் போயிருக்கும்லா." அயோ, வியாழனைச் சுற்றுகிற நிலாக்களில் ஒன்று, அதன் நிழல் ஒரு கரும்புள்ளியாக வியாழன் முகத்தில் அன்றைக்கு ஊர்ந்துகொண்டிருந்தது, நான்தான் அடுக்கினேன், நான்தான் மெருகேற்றினேன், நான்தான் குழுவில் போட்டேன், எங்கள் தொழிலில் படமே கடிகாரம் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும், நாலு நாளாக யோசித்த நான் அந்தப் புள்ளியை யோசிக்கவில்லை. சார் என்றேன்.

"அது கெடக்கட்டும்" என்றார். "நீங்க சொல்லாம இருந்தப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. உங்க படத்துல இருந்திருந்தா அன்னைக்குக் காலையிலயே நீங்க ஊரக் கூட்டியிருப்பிய. இன்னைக்கு அந்த ஆட்களுக்கு எழுதிட்டேன், என்னோடது தப்பு, செயற்கைக்கோளா இருக்கும்னு." கோபம் இல்லை அவர் குரலில், தளர்ச்சிதான் இருந்தது, அட்டைப்பெட்டி கட்டின தளர்ச்சியா, இதுவா, தெரியவில்லை. மன்னிச்சிருங் சார், உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னு என்று ஆரம்பித்தேன். "தெரியுது தம்பி. சங்கடம்தான்." பிறகு கொஞ்சம் தயங்கி, "ஒன்னு கேக்கட்டுமா? கேக்கப்படாதுதான்" என்றார். கேளுங் சார். "நாலு வருசத்துக்கு முன்னால தெக்குப் பட்டையில வெள்ளையா ஒரு புயல் கெளம்புச்சே. நான் பாத்தேன்னு சொன்னேன், நீங்களும் பாத்தேன்னு சொன்னிய, அந்த வெளிநாட்டு இதழ்ல நம்ம ரெண்டு பேரு பேரையும் போட்டான். அதத்தான் சட்டம் போட்டு மாட்டியிருக்கேன், இப்பக் கழட்டணும். அது... நெசமாவே பாத்தியளா?" பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன், இதே நாற்காலியில் உட்கார்ந்து, வெள்ளையாக, ஒரு அரிசி அளவுக்கு, குணவதியைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவளுக்குத் தெரியவில்லை, எனக்குத் தெரிந்தது. அந்த வீடியோவை டிஸ்கில் இடம் போதவில்லை என்று எப்போதோ அழித்தாயிற்று, எங்கள் ஆட்கள் எல்லோரும் அழிப்பார்கள். மிச்சம் இருப்பது மெருகேற்றின படம்தான், கொஞ்சம் அதிகமாக மெருகேற்றினால் அரிசி என்ன, அவல்கூட வரவழைக்கலாம், அது அவருக்கும் தெரியும். "நெசமாலுமே பாத்தனுங் சார்" என்றேன். பன்னிரண்டு நிமிடம் என்று சொன்னபோது இருந்த அதே குரல், அதே பணிவு, அதே மரியாதைத் தமிழ், என் காதுக்கே இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இன்னொரு தடவை சொன்னேன், சத்தியமாங் சார் என்று சேர்த்துக்கொண்டேன், அது இன்னும் மோசமாகக் கேட்டது. மின்விசிறி இரண்டு மூன்று சுற்றுச் சுற்றியது. "நீங்க நல்ல மனுசன் தம்பி" என்றார் ஜெபமணி சார்.